இறக்கத்தில் நிற்கும் கதவு

1

என் தங்கை மஞ்சுளா சில வாரங்கள் எங்களோடு இருந்துவிட்டு, போன ஞாயிறுதான் திருவண்ணாமலைக்குத் திரும்பினாள். விமான நிலையத்தில் அவளிடம், "நம்ம கதவு விஷயத்தை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதிக்கோக்கா. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதாத," என்றாள்.

அந்த நிபந்தனையோடு எழுதுகிறேன்.

நான் இருப்பது பிரான்சின் வடக்கே ஒரு நடுத்தர நகரத்தில். வேன் வடிவமைப்பது என் வேலை. நம் ஊரில் வேன் என்றால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆட்கள் போகிற வண்டி. இங்கே அது முதலில் சரக்கு வண்டி. கூரியர்காரர், குழாய் ரிப்பேர் செய்பவர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோரிடமும் ஒன்று நிற்கும். அதே வண்டிக்கு ஜன்னலும் சீட்டும் வைத்தால் ஆட்கள் ஏறலாம்.

நான் பல வருடம் உழைத்த வேன் நான்கு கம்பெனிகளின் பெயரில் விற்கிறது. ஒரு புது வேனை உருவாக்கும் செலவை ஒரு கம்பெனி தனியாகத் தாங்காது. அதனால் நான்கு பேர் சேர்ந்து ஒன்றைச் செய்து, ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் ஒன்று, தகடு ஒன்று, கதவு ஒன்று. முன்பக்க கிரில்லும் ஸ்டியரிங் நடுவில் இருக்கிற சின்னமும்தான் மாறும். ஆலையில் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வண்டிகள், விளம்பரத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று ஜென்ம விரோதி.

அந்த வேனில் என் பொறுப்பு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. அடி அண்ணாமலையில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஒரு கதவுக்கு ஒரு இன்ஜினியரா?" என்று கேட்டார். ஒருவர் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது என்றேன். "அப்ப வண்டி வந்து சேர்ந்த மாதிரிதான்," என்றார்.

2

என் பெயர் விஜயா. ஆனால் வந்த முதல் நாளிலிருந்து நான் இங்கே "மதாம் ஏழுமலை." பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பெயர் உட்கார்ந்துவிட்டது. நம் ஊரில் அது ஓர் எழுத்து இனிஷியல் என்று எத்தனை கவுன்ட்டரில் விளக்கினாலும் யாருக்கும் புரியவில்லை. வங்கி அட்டை, மின்சார பில், வேன் வரைபடங்களின் மூலை, எங்கு பார்த்தாலும் ஏழுமலை. அதிலும் இவர்களுக்கு ழ வராது. எசுமலே, எலுமலா, ஒருமுறை எமிலி.

அப்பாவுக்கு இதில் பெருமை. "எம்பேரு அங்க வேலைக்குப் போவுதா? பென்ஷன் வருமா கேளு," என்பார்.

தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போவது தனிக் கதை. ஆரம்பத்தில் எனக்கு மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். நகராட்சி அலுவலகத்துக்கு இவர்கள் சொல் 'மெரி'. கணவனுக்கு 'மரி'. "இந்தச் சான்றிதழை எங்கே வாங்கினீர்கள்?" என்று கவுன்ட்டர் அம்மாள் கேட்டதற்கு, "என் மரியிடம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் கணவர் அரசாங்க முத்திரையும் வைத்திருக்கிறாரா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற குமரேசன், அதாவது முத்திரை இல்லாத என் கணவர், ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

மஞ்சுளா வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை செய்கிறாள். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "கவுன்ட்டர்ல நாங்க இருக்கற பக்கத்துலேர்ந்து பாத்தா நீங்கள்லாம் இப்படித்தான் இருப்பீங்க," என்றாள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்போது எங்கள் குடும்பத்தின் அனுமதி என் வேலையை நம்பித்தான் இருந்தது. வேலை போனால் அட்டைக்கும் ஆபத்து.

3

செவ்வாய்க்கிழமை தோறும் நான்கு கம்பெனிக்காரர்களும் கூடுவார்கள். கதவு மூடும்போது வரும் சத்தத்துக்கு மட்டும் பல வாரம் சண்டை நடந்தது. ஒருவருக்குக் கனமான சத்தம் வேண்டும், மற்றவருக்கு மெதுவான சத்தம். கதவோ ஒன்றுதான்.

ஆனால் முக்கியமான பிரச்சினை கொக்கி. கதவை முழுதாகப் பின்னுக்குத் தள்ளித் திறந்தால், கடைசியில் ஒரு கொக்கி அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து நிற்கும்போது கதவின் கனமே அதை முன்னுக்கு இழுக்கும். கொக்கி விட்டுவிட்டால் கதவு தானாக வந்து மூடும். சரி, கொக்கியைப் பலமாக வைத்துவிடலாமே என்றால், மூடும்போது அதிலிருந்து கதவைப் பிடுங்கத் தோள் வலிக்கும்.

எல்க்கே என்ற ஜெர்மன்காரி, கூட்டாளி கம்பெனி ஒன்றின் சார்பில் வருவார். அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கூரியர்காரர்கள். "என் டிரைவர்கள் நாள் முழுக்க இந்தக் கதவைத் திறந்து மூடுகிறவர்கள். அவர்கள் தோளை யார் பார்ப்பது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. அவருக்காகக் கொக்கியை இளக்கினோம். விதிமுறையில் சொன்ன சரிவில் கதவு நின்றது. எல்லோரும் சம்மதித்தார்கள்.

அந்த வசந்தத்தில் ஒரு காலை, ஆட்கள் ஏறும் வகை வேனைச் சோதனைச் சரிவில் நிறுத்தியிருந்தோம். ஜன்னல் கண்ணாடியும் உள்பக்கப் பலகையும் சேர்ந்ததால் அதன் கதவு சரக்கு வேனின் கதவைவிடக் கனம் ஜாஸ்தி. அப்படியும் நின்றது. ஒரு டெக்னீஷியன் கருவிப் பெட்டியோடு உள்ளே ஏறினார். ஏறிய வேகத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. கொக்கி விட்டது. கதவு வந்தது. அவர் முழங்கையை இழுத்துக்கொண்டார். கதவுக்கும் வண்டி வாசலின் தூணுக்கும் நடுவில் கருவிப் பெட்டி சிக்கிக்கொண்டது.

பெட்டி நசுங்கியதைப் பார்த்து அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

நானும் மஞ்சுளாவும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். செங்கத்தில் மாமா மகனுக்குக் காதுகுத்து. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு வாடகை வேனில் போனோம். வழியில் ஒரு மதகைத் தாண்டி இறக்கத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். யாருக்கோ வாந்தி. நான் பின் சீட்டில், மடியில் சீர்த்தட்டோடு இருந்தேன். மஞ்சுளா இறங்குவதற்காகக் கதவோரத்துத் தூணைப் பிடித்தாள். கதவு தானாக வந்தது.

இடது கை மோதிர விரலில் பாதி போய்விட்டது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இறக்கத்துல இந்தக் கதவு நிக்காதும்மா, நான் சொல்லியிருக்கணும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அவரைத் திட்டவில்லை. வேட்டியைக் கிழித்து அவள் கையில் சுற்றிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு ஓட்டுப்பா," என்று மட்டும் சொன்னார்.

நான் கதவு வேலைக்கு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சென்னையில் சேர்ந்த முதல் ஆபீசில் கதவுப் பிரிவில்தான் இடம் காலியாக இருந்தது. ஆனால் அன்று அந்தச் சரிவில் எனக்கு அந்த டிரைவரின் குரல் கேட்டது.

5

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் கொக்கியை மாற்ற வேண்டும் என்றேன். கைப்பிடியை இழுத்தால் மட்டும் விடுகிற மாதிரி ஒரு கொக்கி. அப்படிச் செய்தால் பலமாகவும் பிடிக்கும், தோளும் வலிக்காது. ஆனால் தகட்டில் சில இடங்களை மாற்ற வேண்டும். தகட்டை அழுத்தும் அச்சுகள் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டன. வண்டி சந்தைக்கு வருவது தள்ளிப்போகும்.

"விதிமுறைச் சரிவில் நிற்கிறதா, இல்லையா?" என்று எல்க்கே கேட்டார்.

"நிற்கிறது. வண்டி குலுங்கினால் நிற்கவில்லை."

"குலுக்கிப் பார்க்கும்படி விதிமுறை சொல்கிறதா?"

சொல்லவில்லை. கூட்டத்தை நடத்திய என் மேலதிகாரி பாஸ்கால், விடுமுறை முடிந்ததும் கதவுக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று முடித்தார். அந்தக் கையெழுத்து என்னுடையது.

ஆகஸ்டில் இங்கே ஆலைகள் மூடிவிடும். நாங்கள் ஊருக்கு வந்தோம்.

மஞ்சுளாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயில் உட்கார்ந்தோம். ஆபீஸ் முடிந்து வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். பக்கத்து மேசையில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி, "தம்பி, சக்கரை கம்மி," என்று சர்வரிடம் தெளிவாகச் சொன்னார். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த என் மகள் ஆதிரை அதே சர்வரிடம் பிரெஞ்சில் ஜூஸ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா, மாத்தி மாத்தி அனுப்பியிருக்காங்க," என்றாள் மஞ்சுளா.

நான் விஷயத்தைச் சொன்னேன். சரிவு, பெட்டி, கூட்டம் எல்லாம். கடைசியில், "மஞ்சு, உன் விரல் விஷயத்தை அங்க சொல்லட்டுமா? போட்டோ ஒண்ணு காட்டினாக்கூடப் போதும். எல்லாரும் வாயை மூடிக்குவாங்க," என்றேன்.

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க்கா."

"ஏன் மஞ்சு?"

"பொண்ணு பாக்க வந்தவங்க விரலைத்தான் பாத்தாங்க. இண்டர்வியூல பாத்தாங்க. புதுசா சேர்ற ஒவ்வொரு ஆபீசரும் ஒரு தடவை பாக்கறாரு. டைப்ல எஸ் அடிக்கணும்னா பக்கத்து விரலை அனுப்பறேன், அவ்ளோதான் எனக்கு அது. இப்ப முகம் தெரியாத வெள்ளைக்காரங்க எல்லாம் ஒரு ரூம்ல உக்காந்து பாக்கணுமா?"

"நாலு பேருக்கு நல்லது நடக்கும்னுதான்..."

"கதவு சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லு. நீதானே இன்ஜினியர். அதுக்கு என் விரல் எதுக்கு சாட்சிக்கு வரணும்?"

எனக்குக் கோபம் வந்தது. விரல் அவளுடையது என்றாலும் அந்த வேனில் நானும் இருந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆதிரையை நடுவில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் சொன்னது சரி என்று பட்டது. அப்புறமும் அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

6

செப்டம்பரில் பாஸ்கால் ஒப்புதல் தாளை நீட்டினார். கதவு நிற்கவில்லை, கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

பாஸ்கால் கெட்டவர் இல்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இந்தக் குளிர்காலம் உங்கள் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையா?" என்று தணிந்த குரலில் கேட்டார். மிரட்டுகிற மாதிரி இல்லை. எனக்காகக் கவலைப்பட்டார். ஆமாம் என்றேன். "இருந்தும்?" என்றார். "இருந்தும்," என்றேன்.

வீட்டில் குமரேசனிடம் சொன்னேன். அவர் சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "போட வேணாம்னு தோணிச்சுன்னா போடாத. திரும்பிப் போற மாதிரி ஆனா போலாம். ஊர் எங்கயும் ஓடிடல," என்றார். அப்புறம் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என்னைப் பின்கதவுக் கீல்களைப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மற்றவர்கள் கூட்டத்துக்கு எழுந்து போகும்போது நான் மட்டும் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். என் இடத்தில் கையெழுத்துப் போட வேறொருவரைத் தேடுவதாகக் காதில் விழுந்தது. என்ன ஆகுமோ என்ற பயத்தில், ஊரில் வாடகை வீடு என்ன விலை என்றுகூட மஞ்சுளாவிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன். அவள் காரணம் கேட்கவில்லை. வேங்கிக்கால் பக்கம் காலியாக இருந்த ஒரு வீட்டின் போட்டோவை மட்டும் அனுப்பினாள்.

குளிர் தொடங்கிய ஒரு நாள், எல்க்கே நேராக என் மேசைக்கு வந்தார். கையில் இருந்த ஒரு கொக்கியை என் முன்னால் வைத்தார். அதன் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

சோதனை வண்டி ஒன்றைத் தன் கூரியர் வாடிக்கையாளர் ஒருவரின் டிப்போவில் ஓட்டக் கொடுத்திருக்கிறார். மாதக்கணக்கில் திறந்து மூடியதில் கொக்கி தேய்ந்துவிட்டது. டிப்போவின் சின்னச் சரிவில்கூடக் கதவு தானாக வருகிறது என்று டிரைவர்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் சரக்கு வேனின் லேசான கதவு.

"நீங்கள் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை," என்றார்.

"கதவு நிற்கவில்லை என்பதால்தான்."

"அவ்வளவுதானா?"

மஞ்சுளாவின் முகம் என் கண் முன்னால் வந்து போனது. "அது போதாதா?" என்றேன்.

"போதும்," என்று சொல்லிவிட்டு எல்க்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கைப்பிடியோடு சேர்ந்த கொக்கிக்கான கோரிக்கையை இருவருமாக எழுதினோம். அவர் பெயரும் சேர்ந்ததால் கூட்டம் கேட்டது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் ஏறும் வண்டிக்குப் புதுக் கொக்கி வந்தது. நான்கு கம்பெனிகளும் அதை ஏற்றுக்கொண்டன. சரக்கு வேனில் மூன்று கம்பெனிகள் மாற்றின. நான்காவது கம்பெனி, கொஞ்சம் பலமான ஸ்பிரிங்கும் ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கரும் போதும் என்று நின்றுவிட்டது. தெருச் சரிவில் அந்தச் சின்னம் போட்ட வண்டி நின்றால் இன்றும் நான் ஓரமாக ஒதுங்கித்தான் போவேன். வேன் தாமதமாகச் சந்தைக்கு வந்தது. புதுக் கொக்கிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அட்டையும் வந்தது, வழக்கம்போல் மிக மெதுவாக.

7

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆதிரைக்கு இப்போது பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ஊருக்குப் போன் போட்டால் இரண்டு நிமிடம், "நல்லாருக்கேன், சாப்ட்டேன்," என்பாள். அதோடு சரி.

போன வருடம் பள்ளியில், குடும்பத்தில் ஒருவரின் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது ஆசிரியை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "விரலை இழந்த தங்கைக்காக நீங்கள் செய்த கதவு! வகுப்பில் எல்லோரும் அழுதுவிட்டோம்," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விபத்தைப் பற்றி எப்போதோ ஆதிரையிடம் சொல்லியிருந்தேன். மீதியை அவளே இட்டுக்கட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலமே வீடியோவில் மஞ்சுளாவைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு," என்று ஆதிரையை முன்னால் உட்கார வைத்தேன்.

"சித்தி... நான் உங்க விரலை க்ளாஸ்ல பேசினேன்."

"என்னான்னு பேசினே?"

"அம்மா உங்களுக்காக டோர் பண்ணாங்க. எல்லாம் அழுதாங்க."

மஞ்சுளா நிதானமாக, "விரலு என்னுது. என்னைக் கேட்டியா?" என்றாள்.

ஆதிரையின் முகம் சிவந்துவிட்டது. பிரெஞ்சில் ஏதோ ஆரம்பித்து நிறுத்தினாள். சொல்லைத் தேடித்தேடி, "கேக்கல சித்தி. தப்பு," என்றாள்.

"சரி, விடு. அப்புறம் பேசுவோம்," என்று மஞ்சுளா வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, மூடிய அறைக்குள் ஆதிரை தமிழில் பேசுவது கேட்டது. உடைந்த தமிழ்தான். நடுநடுவே சிரிப்பு. அவளாகவே சித்தியைக் கூப்பிட்டிருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு வாரா வாரம் பேசினார்கள். கடைசியில் ஒரு நாள் மஞ்சுளா என்னிடம், "லீவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். விசாவுக்கு இன்னா இன்னா பேப்பர் வேணும்?" என்று கேட்டாள்.

சென்னையில் விசாவுக்குக் கைரேகை எடுக்கிற இடத்தில் மெஷின் அவளுடைய இடது கையை ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப வை என்று கேட்டிருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த பெண் அவளைவிட அதிகமாகப் பதறிவிட்டாளாம். "நீங்க பயப்படாதீங்கம்மா. விரல் இல்லன்னு குறிக்க ஒரு எடம் இருக்கும், பெரியவங்களைக் கேளுங்க, நான் எங்கயும் போகல," என்று இவள் ஆறுதல் சொல்லியிருக்கிறாள். "எங்க ஆபீஸ்ல தினம் பாக்கறதுதானேக்கா," என்றாள் என்னிடம்.

8

அவள் வந்த இரண்டாவது சனிக்கிழமை, ஆதிரையின் ஹேண்ட்பால் அணிக்குப் பக்கத்து ஊரில் ஆட்டம். எங்கள் நகரத்து விளையாட்டு அரங்கத்தின் முன்னால் தெரு இறக்கமாக இருக்கும். அணியின் வேன் புறப்படத் தயாராக, மூக்கை இறக்கத்தில் வைத்து நின்றிருந்தது. பக்கக் கதவு முழுதாகத் திறந்திருந்தது.

"இதுவா?" என்றாள் மஞ்சுளா.

"இதான்."

குளிருக்குக் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லு. எனக்காகவா செஞ்சே?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "இல்ல மஞ்சு. கதவு நிக்கல. அதனால செஞ்சேன்."

"நான் ஞாபகம் வரவேயில்லையா?"

"வந்தே. ரொம்ப வந்தே."

"அப்படின்னா சரி," என்றாள்.

அதற்குள் பெண்கள் பைகளோடு ஓடி வந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறினார்கள். வண்டி குலுங்கியது. ஆதிரை கடைசியாக வந்தாள். ஒரு காலைப் படியில் வைத்து, கையால் கதவோரத்துத் தூணைப் பிடித்தபடி திரும்பி நின்று, வழியனுப்ப வந்து கீழே நின்ற தோழியிடம் ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள். நானும் மஞ்சுளாவும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே யாரோ குதித்தார்கள். வண்டி மறுபடி ஆடியது. கதவு அசையவில்லை.

ஆதிரை எங்களைப் பார்த்துவிட்டாள். "சித்தி, வாங்க! இடம் இருக்கு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி தமிழில் கத்தினாள்.

மஞ்சுளா போனாள். இடது கையைப் பையிலிருந்து எடுத்து, அதே தூணைப் பிடித்து ஏறினாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் இறங்கி வருவதற்குள் அவளே கைப்பிடியை இழுத்து, கொக்கியை விடுவித்து, கதவை முன்னுக்குத் தள்ளி மூடினாள்.

"கனமாதாங்க்கா இருக்கு," என்றாள். "இருக்கட்டும்."